கட்டுக்கு ஒரு பேஸா, ஒரே பெட்டியில் கலந்தா?
காரைக்குடிப் பக்கம் பல கட்டு (வீட்டின் பகுதி) உள்ள பெரிய வீட்டுக்கு த்ரீ பேஸ், அதாவது மூன்று கரண்ட் லைன், எடுத்தால் வரும் கேள்வி இது. முகப்புக்கு ஒன்று, வளவுக்கு (உள்முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) ஒன்று, இரண்டாங்கட்டுக்கு ஒன்று என்று பிரித்தால், ஒரு பேஸ் போகும்போது அந்தக் கட்டு முழுக்க இருட்டு (இன்வெர்ட்டர் எதற்கு இருக்கிறது?), ஆனால் எந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே 230 வோல்ட்தான். கலந்து கொடுத்தால் வளவில் ஒரு விளக்காவது எரியும், சரி, ஆனால் பெட்டிக்குள் இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட், அதைவிட மோசம், ஒரு எம்சிபியை (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு எல்லாம் ஆஃப் என்று நம்பிக் கை வைப்பவருக்குப் பக்கத்து வயரில் கரண்ட் காத்திருக்கும். வயர்மேல் குறையில்லை, அது 1100 வோல்ட் தரம். மூன்று பேஸுக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) போட்டு அது விட்டுப்போனால் டிவி, ஃபேன் கருகும். என் ஓட்டு கட்டுக்கு ஒன்றுக்குத்தான். கலந்தே ஆகவேண்டுமென்றால் பேஸுக்கு ஒரு பெட்டி, தனித்தனி நியூட்ரல்.