கட்டிங் வேர்விட எத்தனை மணி நேர வெளிச்சம்? பல வருட டைமர் அனுபவம்

வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் கட்டிங் (செடியிலிருந்து வெட்டி எடுத்த தண்டு) வைத்து வேர்விடச் செய்வதும், அதே அலமாரியில் செடி வளர்ப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். 12, 16, 18, 24 மணி நேரம் என எல்லா அட்டவணையிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது, பூக்க வைக்கும் சமயம் தவிர, டைமர் 16 மணி நேரத்திலேயே நிற்கிறது. புதுக் கட்டிங்குக்கும் வளர்ந்த செடிக்கும் நான் மாற்றுவது விளக்கின் உயரத்தை மட்டும்தான்.

வேர் இல்லாத தண்டு கொஞ்சம் தண்ணீரைத்தான் இழுக்கும். மேலிருந்து பலமான வெளிச்சம் விழுந்தால் இலை சூடாகி, இருக்கிற ஈரமும் போய்த் துவண்டுவிடும். அதற்காக இருட்டில் வைக்கவும் முடியாது. வேர் உருவாகத் தேவையான சர்க்கரையை இலைதான் தயாரிக்க வேண்டும். ஆகவே மிதமான வெளிச்சம், நீண்ட நேரம். ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 100 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மோல்) அளவில் 16 மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு 5.8 மோல் ஆகிறது. 200 மைக்ரோமோலில் 8 மணி நேரம் கொடுத்தாலும் கூட்டுத்தொகை அதேதான், ஆனால் கோலியஸும் ஓமவல்லியும் முதல் முறையில்தான் வாடாமல் நிற்கின்றன. அளக்கும் கருவி இல்லையென்றால், வெள்ளை எல்இடியில் 7,000 லக்ஸை (கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அலகு) ஏறக்குறைய 100 மைக்ரோமோலாக எடுத்துக்கொள்ளலாம். போன் செயலி காட்டும் லக்ஸ் துல்லியமல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

வேர் பிடித்து புதுத் தளிர் வந்ததும் விளக்கைச் சில நாட்களில் படிப்படியாக இறக்கி, 200 மைக்ரோமோலுக்குக் கொண்டுவருகிறேன். நாளுக்கு 11.5 மோல் கிடைக்கிறது. துளசிக்கு அது தாராளம்.

24 மணி நேரமும் விளக்கை எரியவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோலியஸ் தாங்கியது, ஆனால் வேர் சீக்கிரம் வந்ததாகத் தெரியவில்லை. தக்காளிக்குத் தொடர் வெளிச்சம் ஆகாது, இலை வெளுத்து மஞ்சளாகிவிடும். கலஞ்சோ, ஜேட் போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குவதே இரவில்தான். அவற்றின் இருட்டைப் பறிப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

மணிக்கணக்கு உண்மையிலேயே முக்கியமாவது பூக்கும் செடிகளில். சாமந்தி, பாயின்செட்டியா, கலஞ்சோ மூன்றும் நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு வைப்பவை. அமெரிக்க ஆய்வாளர்கள் கார்னரும் அல்லார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து, பகல் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் எழுதினார்கள். செடி கணக்கு வைப்பது இரவின் நீளத்தை என்பது பிறகு தெரியவந்தது. சாமந்திக் கட்டிங்கை 12 மணி நேர வெளிச்சத்தில் வைத்தால் மொட்டுக்குப் போய்விடும், வேருக்கான சக்தி அங்கே செலவாகும். எனவே தாய்ச்செடிக்கும் கட்டிங்குக்கும் 16 மணி நேரம். நன்றாக வளர்ந்த பிறகு, பூ வேண்டுமென்றால் வெளிச்சத்தை 10 மணி நேரமாகக் குறைக்கிறேன். அந்தச் சமயத்தில் இரவு நடுவே அறை விளக்கைப் போட்டால்கூட மொட்டு தள்ளிப்போகலாம், குறிப்பாகச் சிவப்பு வெளிச்சத்துக்குச் செடி உடனே எதிர்வினை காட்டும். அலமாரிக்குக் கனமான திரை போடுங்கள்.

அப்புறம் டைமர். மெக்கானிக்கல் டைமர் மின்தடை வந்தால் நின்று, அதன்பின் அட்டவணையையே தள்ளிப்போடும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குவது நல்லது.