ஐசியூவில் தொற்றிய கிருமிக்கும் நாங்களே 11 நாள் கட்டணம் கட்டினோம்

அப்பா நேற்று மாலைதான் வீடு திரும்பினார். 6 நாளில் முடியும் என்ற தீவிர சிகிச்சை 17 நாளாக நீண்டது. கூடுதலான அந்த 11 நாள் கட்டணத்தையும், நாங்கள் நம்பிப் போன பெரிய தனியார் மருத்துவமனை எங்களிடமே வாங்கிக்கொண்டது.

தலைக்காயத்தோடு சேர்த்த அன்று, வென்டிலேட்டர் பொருத்த ஒப்புதல் கேட்ட மருத்துவர், "எங்கள் ஐசியூவில் தொற்றுக் கட்டுப்பாடு மிகக் கடுமையானது, பயப்படாதீர்கள்" என்றார். என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மேலங்கி கொடுத்து, கைகளைக் கழுவவைத்துத்தான் உள்ளே விட்டார்கள் என்பதால், அங்கே பணிபுரிபவர்களும் அப்படியே நடந்துகொள்வார்கள் என்று எண்ணிக் கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள், பக்கத்துப் படுக்கை நோயாளிக்குச் சளி உறிஞ்சிய ஊழியர் அதே கையுறையோடு அப்பாவின் சுவாசக் குழாயைத் தொட்டதை என் கண்ணாலேயே கண்டேன். அவர்களைப் பகைத்துக்கொண்டால் அப்பாவைக் கவனிக்கமாட்டார்களோ என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. சளி கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், அசினிடோபாக்டர் என்ற பாக்டீரியா தெரிந்தது. வழக்கமான மருந்துகளுக்கு அது அடங்காததால் கொலிஸ்டின் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் மருந்தை ஏற்றினார்கள். அதில் சிறுநீரகமும் அடிபட்டது.

"வெளியிலிருந்தே கொண்டுவந்திருப்பார்" என்றார் பணி மருத்துவர். சேர்த்த அன்று எடுத்த கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்ற அறிக்கையை நீட்டியதும், "ஐசியூ என்றால் இதெல்லாம் சகஜம்" என்று பேச்சு மாறியது. வென்டிலேட்டர் பொருத்தி 48 மணி நேரம் கழிந்து வரும் நிமோனியாவை அந்தக் கருவி சார்ந்த தொற்றாகத்தானே கணக்கிடுவீர்கள் என்று கேட்டபோது, மேலாளர் வயதையும் எதிர்ப்புச் சக்தியையும் காரணம் காட்டினார். பில்லிங் பிரிவோ, 11 நாள் கட்டணத்தைக் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்று முடித்துவிட்டது. எல்லாத் தொற்றையும் தடுத்துவிட முடியாது என்பதை ஏற்கிறேன். கையுறையை மாற்றாததை எப்படி ஏற்பது?

ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஒப்பவில்லை. சுவாசக் குழாய், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்), சிறுநீர்க் குழாய் ஆகியவை இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். மருத்துவர் தடை சொல்லாதவரை படுக்கையின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். யார் கையைச் சுத்தம் செய்யாமல் நெருங்கினாலும் அப்போதே தடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்ச்சர் அறிக்கைக்கும் அன்றன்றே நகல் வாங்குங்கள். ஐந்தாம் நாள் அறிக்கையை எங்களுக்கு இன்னும் தரவில்லை.