இசைக்கருவி வாங்க இணையப் பெருங்கடையா, சிறு கடையா? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இணையப் பெருங்கடைகளிலும், உரிமையாளரே கல்லாவில் அமர்ந்திருக்கும் சிறு இசைக்கருவிக் கடைகளிலும் பல ஆண்டுகளாக மாறிமாறிப் பொருள் வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் விலையை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். ஆனால் நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்தபின், வாங்கப் போகும் பொருளின் தன்மையைப் பார்த்தே கடையை முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொன்றும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் பொருளாக இருந்தால், இணையத்தில் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. மரத்தால் ஆனதும், ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கருவிகளுக்குள்ளேயே வேறுபடுவதும், வாசிக்கத் தக்க நிலைக்கு வர ஒரு கைவினைஞரின் கைபட வேண்டியதுமான பொருளாக இருந்தால் சிறு கடையே என் தேர்வு.

கிட்டாரை எடுத்துக்கொள்வோம். எஃகுத் தந்திகள் பூட்டிய ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரின் கழுத்து, சாதாரண மெல்லிய தந்திகளை மாட்டினாலே 70 கிலோவுக்கும் அதிகமான இழுவிசையை எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழுவிசையை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்துக்குள் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டு வைக்கப்பட்டிருக்கும். மரமோ காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப உப்புவதும் சுருங்குவதுமாக இருக்கும். 45 முதல் 55 சதவீதம் வரையிலான ஈரப்பதம் கிட்டாருக்கு ஏற்றது என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. தொழிற்சாலையில் அந்த அளவில் சரியாக அமைக்கப்பட்ட கிட்டார், கப்பல் பெட்டகத்திலும் கிடங்கிலும் லாரியிலும் பல வாரங்களைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அதே நிலையில் இருப்பதில்லை. கழுத்து சற்றே வளைந்திருக்கும். மரம் சுருங்கியதால், விரல்பலகையின் குறுக்கே பதிக்கப்பட்ட ஃபிரெட் கம்பிகளின் முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். தந்திகள் பலகையிலிருந்து அதிக உயரத்தில் நிற்கும்.

இந்தக் குறைகளில் எதுவும் பழுது அல்ல. அனுப்பியவரிடம் முறையிட்டால், கருவி உடையாமல் வந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். உடையாமல்தான் வந்திருக்கும். ஆனால் புதிதாகக் கற்பவருக்கு அந்தக் கிட்டாரில், ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்டைப் பிடிக்க முடியாது. விரல் வலிக்குத் தன் பயிற்சிக் குறைவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, சில மாதங்களில் கருவியை அலமாரியின் மேல் ஏற்றிவிட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். அந்தக் கிட்டாரை ஒரு நல்ல கடைக்காரரின் மேசையில் அரை மணி நேரம் வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அந்த அரை மணி நேரத்தில் நடப்பதைப் பக்கத்தில் நின்று கவனிப்பது நல்லது. நான் வழக்கமாகச் செல்லும் கடையில் பழுது பார்ப்பவர் முதலில் கிட்டாரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, தலைப்பகுதியிலிருந்து உடல் வரை கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஆறாவது தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை மெல்லிய அளவுத்தகடு ஒன்றை நுழைத்துச் சோதிப்பார். ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இருந்தால் அவருக்குத் திருப்தி. அதைவிட அதிகமாக இருந்தால் டிரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பிவிட்டு, மரம் அடங்குவதற்காகச் சற்றுக் காத்திருப்பார். அதன்பின் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்திகளின் உயரத்தை அளந்து, தடித்த தந்திக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்ற நிலைக்குக் கொண்டுவருவார். இறுதியாக, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பார். இத்தனையும் முடிந்தபின் அதே கிட்டார் வேறொரு கிட்டாராக ஒலிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

வயலினில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான வயலினின் குதிரை ஒட்டப்படுவதில்லை; தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே அது நிற்கிறது. உள்ளே, குதிரையின் மெல்லிய தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்ப்ரூஸ் மரக்குச்சி ஒன்று மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் நிறுத்தப்பட்டிருக்கும். சவுண்ட் போஸ்ட் எனப்படும் அதற்கும் பசை கிடையாது. பெட்டியில் வரும் மலிவான வயலின்கள் பெரும்பாலும் தந்திகள் தளர்த்தப்பட்டு, குதிரை படுத்த நிலையில்தான் வந்து சேரும். வழியில் பெட்டி குலுங்கினால் சவுண்ட் போஸ்ட் சாய்ந்து விழுந்துவிடும். கருவியை அசைத்தால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும். அதை மறுபடியும் நிறுத்துவதற்கு வளைந்த தனிக் கருவியை எஃப் வடிவத் துளை வழியே நுழைத்து, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தப் பழகிய கை வேண்டும். போஸ்ட் விழுந்து கிடப்பது தெரியாமல் தந்திகளை இறுக்கினால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடவும் கூடும்.

குதிரையின் கதையும் இதே போன்றதுதான். அந்த மேப்பிள் துண்டின் கால்கள் அந்தக் குறிப்பிட்ட வயலினின் மேல்பலகை வளைவுக்கு ஏற்பச் சீவப்பட்டிருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பின் உயரத்தைப் பொறுத்தே விரல்பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி அமையும். சீவாத குதிரையோடு வரும் வயலினில் ஒரு தந்தியை வாசிக்க முயலும் வில் பக்கத்துத் தந்தியையும் உரசும். தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகள் துளையில் சரியாகப் பொருந்தாமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் சுருதி சேர்ப்பதிலேயே பாடநேரம் முழுவதும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய வயலினோடு வரும் மாணவர்களை முதல் வகுப்புக்கு முன்பே பழுது பார்ப்பவரிடம் அனுப்பிவிடுவார். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சிறு கடை கேட்ட விலையையே தாண்டிவிடுவதும் உண்டு.

குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயலின் கால், அரை, முக்கால், முழு அளவு என்று பல அளவுகளில் வருகிறது. குழந்தை வளர வளரக் கருவியும் மாற வேண்டும். சிறு அளவு வயலின்களை வாடகைக்குத் தருவது, பழையதை எடுத்துக்கொண்டு அடுத்த அளவைக் கொடுப்பது ஆகியவை வயலின் கடைகளில் வெகுகாலமாக உள்ள ஏற்பாடுகள். அந்த ஏற்பாட்டின் மதிப்பு முதல் நாளில் தெரியாது. மூன்றாவது அளவுக்கு மாறும்போது நன்றாகவே தெரியும்.

இவ்வளவு சொல்வதால் இணையப் பெருங்கடைகளை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒலிவாங்கி, கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ், மெட்ரோனோம், ஸ்டாண்டு, தந்திகள் ஆகிய அனைத்தையும் நான் இணையத்தில்தான் வாங்குகிறேன். இடக்கை வாசிப்பவர்களுக்கு இணையம் பெரும் வரம். சிறு கடைகளில் இடக்கைக் கிட்டார் ஒன்று இருந்தாலே அதிசயம். டிஜிட்டல் பியானோவும் ஒன்றுபோலவே வெளிவரும் பொருள்தான் என்றாலும், 88 விசைகளின் கனமும் திரும்பும் வேகமும் விரலுக்குப் பிடிக்கின்றனவா என்பதை நேரில் வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இணையக் கடைகள் எல்லாமே ஒரே தரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பொருள்களையும் விற்கும் பொதுச் சந்தைத் தளங்கள் வேறு, இசைக்கருவிகளை மட்டுமே விற்கும் பெருங்கடைகள் வேறு. ஜெர்மனியின் தோமன் 1954-இல் பவேரியாவின் ட்ரெப்பன்டார்ஃப் என்ற சிற்றூரில் குடும்பக் கடையாகத் தொடங்கியது; அமெரிக்காவின் ஸ்வீட்வாட்டர் 1979-இல் ஒரு வோக்ஸ்வேகன் வேனில் இயங்கிய நடமாடும் ஒலிப்பதிவுக் கூடமாகத் தொடங்கியது. சிறு கடையின் பழக்கங்களில் சிலவற்றை அவை விட்டுவிடவில்லை. தோமன் 30 நாள்களுக்குள் திருப்பியனுப்ப இடம் தருகிறது. ஸ்வீட்வாட்டர் பல கிட்டார்களுக்கு, வரிசை எண்ணுடனும் எடையுடனும் அந்தத் தனிக் கருவியையே படம் எடுத்துக் காட்டுகிறது. எந்த மரரேகை கொண்ட கிட்டார் வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பொதுச் சந்தைத் தளங்களில் நிலைமை வேறு. அங்கே தளத்தின் பெயரைப் பார்த்து நம்புகிறோம். பொருளை அனுப்புபவரோ நாம் அறியாத மூன்றாவது விற்பனையாளராக இருக்கக்கூடும். 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 ஒலிவாங்கிக்கு உலகமெங்கும் போலிகள் உண்டு. தந்திகளிலும் போலிகள் வந்ததால்தான் டி'அடாரியோ போன்ற நிறுவனங்கள் உறைக்குள் சரிபார்ப்புக் குறியீடு வைக்கத் தொடங்கின. ஒரு தளத்தில் நான் வாங்கிய தந்திகள் சில நாள்களிலேயே கறுத்து, சுருதியில் நிற்காமல் போயின. உறையின் அச்சும் மங்கலாக இருந்தது. பணம் திரும்பக் கிடைத்துவிட்டது என்றாலும் அன்றிலிருந்து, விற்பவர் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவரா என்று பார்க்காமல் தந்தி வாங்குவதில்லை.

விலை விஷயத்தில் பலரும் எண்ணுவது போன்ற பெரிய வேறுபாடு, பெயர்பெற்ற கருவிகளில் பல நேரங்களில் இருப்பதில்லை. விளம்பரத்தில் காட்டக்கூடிய குறைந்தபட்ச விலையைத் தயாரிப்பாளரே வரையறுப்பது இத்துறையில் பரவலான வழக்கம். அது எல்லை மீறிய இடங்களும் உண்டு: இணையத்தில் தள்ளுபடி தரவிடாமல் கடைகளைத் தடுத்ததற்காக, பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2019-இல் காசியோவுக்கும் 2020-இல் ஃபெண்டருக்கும் அபராதம் விதித்தது. எனவே ஒரே மாதிரிக் கிட்டாருக்கு இரண்டு இடங்களிலும் ஒரே விலை இருக்கும்போது, ஒரு விலையில் சரிசெய்தலும் சேர்ந்து வருகிறது, மற்றொன்றில் வருவதில்லை என்ற கணக்கையே போட வேண்டும்.

சிறு கடைகளின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. கையிருப்பில் உள்ளதையே நமக்குப் பொருத்தமானது என்று தள்ளிவிடும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். புதிதாகக் கற்க வந்தவரை, அதிலும் பெண்களையும் வயதானவர்களையும், கருவியைத் தொடவே விடாமல் அலட்சியமாக நடத்தும் கடைகளை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கடையில், அது சிறு கடை என்ற ஒரே காரணத்துக்காக, யாரும் வாங்க வேண்டியதில்லை. உத்தரவாதத்தை வாய்மொழியாகவே சொல்லிவிட்டு, பிறகு நினைவில்லை என்பதும் நடக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லாமல், பெட்டியைப் பிரித்து ஆணியில் மாட்டி விற்கும் கடைக்கும் இணையத்துக்கும் வேறுபாடு எதுவும் இல்லை.

கடையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றே கைபேசியில் இணையத்தில் வாங்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் கடைக்காரரின் வாடகையும் உழைப்பும் ஆகும். 1924-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய சாம் ஆஷ் என்ற குடும்ப நிறுவனம், நூறாண்டுகள் கண்டபின் 2024-இல் தன் எல்லாக் கடைகளையும் மூடியது. கிட்டார் சென்டர் 2020-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. இவை சிறு கடைகள் அல்ல, பெரும் சங்கிலிக் கடைகள். நான் பார்த்தவரையில், பெட்டி விற்பதை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்கே இணையத்தின் அடி பலமாக விழுந்தது. பழுது பார்த்தல், வில்லுக்கு முடி மாற்றுதல், வாடகை, வகுப்பு ஆகியவற்றால் வருமானம் ஈட்டும் கடைகள் தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே கருவியை எங்கிருந்து வாங்கினாலும், பராமரிப்பைப் பக்கத்துச் சிறு கடையில் முறையான கூலி கொடுத்துச் செய்துகொள்கிறேன். வேறிடத்தில் வாங்கிய கருவியைக் கொண்டுபோவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல கைவினைஞர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை.

இணையத்தில் கிட்டார் வாங்குவதைத் தவிர்க்க முடியாதவர்கள், பெட்டி வந்தவுடன் அவசரப்பட்டுப் பிரிக்காமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் அப்படியே வைத்திருப்பது நல்லது. குளிரிலிருந்து சட்டென்று வெப்பத்துக்கு வரும் மெருகுப்பூச்சில் விரிசல் விழக்கூடும். திருப்பியனுப்பும் காலம் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் உள்ளடைப்புகளையும் தூக்கி எறியாதீர்கள். திருப்பியனுப்பும் செலவு யாருடையது என்பதைக் கனமான கருவிகளுக்கு முன்கூட்டியே படித்துவிட வேண்டும். சிறு கடையில் வாங்குபவர்கள் வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். புதுக் கருவியின் மரம் புதிய இடத்தில் அடங்குவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால், அதன்பின் செய்ய வேண்டிய ஒருமுறைச் சரிசெய்தல் விலைக்குள் அடங்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, அதையும் அதே பில்லில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.