ராமநாதபுரம் கடற்கரைச் சாலைகள்: எண்ணும் பலகையும் மைல்கல்லும், ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நெடுஞ்சாலை எண்களையும் பலகைகளையும் மைல்கற்களையும் தேடிப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம் அருமையான களம். பெரிய சாலைகள் நாலைந்துதான். ஆனால் முக்கியமானவை எல்லாமே எண் மாறியவை. அதோடு வருடம் முழுக்க உப்புக்காற்று. பல வருடமாக இந்தத் தடங்களைப் பார்த்துவந்ததில் தெளிவாகத் தெரிவது இதுதான்: இந்தக் கரையில் பலகையை வைத்துச் சாலையையோ இடத்தையோ உறுதிசெய்யப் பார்த்தால் ஏமாற்றம் அதிகம். கல்லையும் சிறுபாலத்து எண்ணையும் முதலில் பாருங்கள், பலகையைப் பிறகு பாருங்கள்.

முதலில் எண்கள். பழைய கணக்கில் ராமநாதபுரத்தில் இரண்டு 49 இருந்தன. கொச்சியில் தொடங்கி மதுரை வழியாகத் தனுஷ்கோடி நோக்கி வந்தது தேசிய நெடுஞ்சாலை 49. கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர், மாநில நெடுஞ்சாலை 49. பழைய வரைபடத்திலோ புகைப்படத்திலோ வெறும் ‘49’ என்று இருந்தால் எந்த 49 என்று கேட்காமல் எழுதிவைக்காதீர்கள். 2010-இல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது பழைய 49 இரண்டாகப் பிரிந்தது. கொச்சி, மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டிக்கு வருவது 85. மதுரைப் பக்கம் அதிலிருந்து பிரிந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று போவது 87. ஈசிஆரின் இந்தப் பகுதி இப்போது 32. வடக்கே நாகப்பட்டினத்தையும் தெற்கே தூத்துக்குடியையும் இணைக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை வழியாக வரும் பழைய 210-இன் தெற்குப் பகுதி இப்போது 536.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். 32 கிழக்குக் கரையை ஒட்டியது, அதனால் அதற்கு மேற்கே மதுரை வழியாக வடக்கு தெற்காகப் போகும் 44-ஐவிடச் சிறிய எண். 85, 87 இரண்டும் நாட்டின் தென்கோடிக்கு வந்துவிட்டவை, அதனால் பெரிய ஒற்றைப்படை. மூன்று இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை: 536 என்பது 36-இன் கிளை, திருமயத்தில் அதிலிருந்து பிரிகிறது. அந்த 36 விக்கிரவாண்டியில் தொடங்கி மானாமதுரையில் வந்து 87-ஐத் தொடுகிறது. இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் கைபேசி வரைபடத்தில் யாரோ தப்பாகப் போட்ட எண் பார்த்த உடனே கண்ணில் உறுத்தும்.

எண் மாறிய கையோடு பலகைகள் எல்லாம் மாறிவிடவில்லை. கடைப் பெயர்ப்பலகைகளிலும் பத்திரப் பதிவுகளிலும் பழைய எண் இன்னும் நடமாடுகிறது. மதுரை–ராமேஸ்வரம் தடத்தில் 49 என்று யாராவது வழி சொன்னால் அது 87-தான் என்று புரிந்துகொள்ளலாம். தேசிய அளவில் 49 இப்போது பிலாஸ்பூர்–கரக்பூர் சாலையின் எண். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்துபவர்கள் பழைய எண்ணை அழிக்காமல் ‘பழைய எண்’ என்ற தனிப் புலத்தில் போடுவது நல்லது. பழைய எண்ணை வைத்துத் தேடி வருகிறவர்களுக்கு அது ஒன்றுதான் பாலம்.

அடுத்து கல். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. இது பலருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது மற்றவை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல் அளவில் பெரிது, ஊர்ப் பெயர்களும் அதில் கூடுதல். இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் நிற்கும். இருவழிச் சாலையில், கணக்கு தொடங்கும் ஊரிலிருந்து வரும்போது கல் இடது கைப் பக்கம் நிற்பது முறை. நடுவே தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் இரு பக்கமும் நடுவார்கள். ஆக, ஒரு கல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதிலிருந்தே கணக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். சாலை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி மறுபடி நடுகையில் சில மீட்டர் தள்ளிப்போவது சகஜம். புறவழிச்சாலை போட்ட இடத்தில் மொத்த நீளம் மாறியிருக்கும். அதற்குப் பிறகு வரும் கற்களில் பழைய எண்ணே நீடித்தால் நடுவில் ஒரு குதிப்பு தெரியும். அந்தக் குதிப்பைத் தவறு என்று ஒதுக்காமல் இடத்தோடு குறித்துவையுங்கள். சாலையின் வரலாறு அங்கேதான் இருக்கிறது.

வண்டியின் ஓடோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அகலப்படுத்தாத ஒரு நேர் நீட்சியில் பத்து கிலோமீட்டர் கல் தூரம் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 10.2 காட்டினால், எல்லா அளவையும் 1.02-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். டயர் மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கல்லையும்விட உறுதியான சாட்சி சிறுபாலத்து எண்தான். இந்த மாவட்டம் கண்மாய்களின் ஊர். வரத்துக்கால்வாயும் கலுங்கு ஓடையும் சாலையைக் கடக்கும் இடமெல்லாம் சிறுபாலம் இருக்கும். கைப்பிடிச் சுவரில் 15/2 என்பதுபோல ஒரு எண் எழுதியிருப்பார்கள்: 15-ஆவது கிலோமீட்டருக்குள் வரும் இரண்டாவது பாலம் என்று பொருள். கல்லைப் பெயர்க்கலாம், பாலத்தைப் பெயர்க்க முடியாது. அகலப்படுத்திய பாலத்தில் பழைய சுவரின் ஒரு துண்டு நின்றால் பழைய எண் அதில் சுண்ணாம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். சுரண்டக் கூடாது, அது அரசுச் சொத்து, எழுத்தும் போய்விடும். காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். பெயிண்ட்டின் மேடு நிழல் கொடுக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அடிப்பூச்சின் நிறம் சில நிமிடம் துலங்கும், அதற்குள் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பலகைக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலை எண்ணைக் காட்டும் கேடயப் பலகை 450-க்கு 600 மில்லிமீட்டர், மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. திசையும் தூரமும் காட்டும் பெரிய பலகை பச்சை, அதில் வெள்ளை எழுத்து. பெட்ரோல் பங்க், மருத்துவமனை போன்ற வசதிகளைக் காட்டுவது நீலம். சுற்றுலா இடங்களுக்குப் பழுப்பு. அலுமினியத் தகடோ, நடுவில் பிளாஸ்டிக் வைத்த இரட்டைத் தகடோ அடியில் இருக்கும். அதன்மேல் ஒளி திருப்பும் ஷீட். பதவுரை அவ்வளவுதான். உச்சிப்புளி தாண்டி மண்டபத்தை நோக்கிப் போகப் போக இவற்றுக்கும் இவற்றைத் தாங்கும் கம்பத்துக்கும் என்ன ஆகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தகடு சீக்கிரம் சாகாது. முதலில் போவது கம்பத்தின் அடி: கான்கிரீட்டுக்கு மேல் மண் தொடும் ஒரு சாண் உயரத்தில் துத்தநாகப் பூச்சு தின்னப்பட்டு, துரு செதில் செதிலாக எழும். அடுத்தது போல்ட். அலுமினியத் தகட்டில் சாதா இரும்பு போல்ட் போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் மின்கலமாக வேலை செய்யும். ஓட்டையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகிக் கரையும். ஒரு பக்கம் மட்டும் தொங்கும் பலகைகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். இரட்டைத் தகட்டில் வெட்டிய ஓரம் வழியாக உப்புத்தண்ணீர் புகுந்து மேல்தோல் பிரிந்து உப்பும். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டும் நடுவே நைலான் வாஷரும் போட்ட பலகைகள் அதே வரிசையில் நன்றாக நிற்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பம்.

ஷீட்டைக் கையெட்டும் தூரத்தில் பாருங்கள். மலிவான ரகம் வழவழப்பாக இருக்கும், உள்ளே நுண்ணிய கண்ணாடி மணிகள். உயர் ரகத்தில் தேன்கூட்டுக் கட்டமோ வைர வடிவக் கட்டமோ தெளிவாகத் தெரியும். ஒரு கட்டத்தின் விளிம்பு உடைந்து ஈரம் புகுந்தால் அந்தக் கட்டம் பகலில் லேசாகப் பழுத்திருக்கும், இரவில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். கீழ்வரிசையில்தான் இது முதலில் தொடங்கும், தண்ணீர் வடிந்து அங்கே தங்குவதால். நிறங்களில் வெயிலுக்கு முதலில் தோற்பது சிவப்பு. எச்சரிக்கை முக்கோணத்தின் சிவப்பு விளிம்பு ரோஜா நிறமாகி அப்புறம் வெளுத்துவிடும். பச்சை நீண்ட நாள் தாங்கும். தனுஷ்கோடிச் சாலையில் கூடுதலாக மணல் இருக்கிறது. தென்மேற்குக் காற்று மணலை வாரி அடித்து, தென்கடலைப் பார்த்து நிற்கும் முகங்களின் பளபளப்பை உரசி எடுத்துவிடுகிறது.

ஒளி திருப்பும் திறனைச் சோதிக்க டார்ச்சைக் கண்ணுக்கு அருகில், புருவத்தை ஒட்டிப் பிடித்து அடிக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்து அடித்துவிட்டு ‘இந்தப் பலகை செத்துவிட்டது’ என்று எழுதுபவர்கள் அதிகம். வெளிச்சம் வந்த வழியேதான் திரும்பும். இன்னொன்று பருவம். கோடை முழுவதும் படியும் உப்பும் தூசியும் ஷீட்டை மூடிவிடும். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்டால் அதே பலகை மறுபடி மின்னும். செப்டம்பரில் பார்த்ததையும் ஜனவரியில் பார்த்ததையும் ஒப்பிட்டால் பலகை இளமையானது போலத் தோன்றும். வருடா வருடம் ஒரே மாதத்தில் பார்ப்பதுதான் சரி. மார்கழி விடியற்காலையில் பனி படிந்த ஷீட் ஒளியைத் திருப்பாது. அந்த நேரத்துக் கணக்கும் வேண்டாம்.

ஈசிஆரில் தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கமும் கீழக்கரைக்கு மேற்கேயும் பலகைக்கு உப்பைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேலம். வெட்டிவிட்டாலும் மழைக்குப் பிறகு தழைத்துப் பலகையை மறைத்துவிடும். குறிப்பில் ‘இல்லை’ என்று எழுதுமுன் இறங்கிப் புதருக்குள் எட்டிப் பாருங்கள்.

தனுஷ்கோடி நீட்சி தனி ரகம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தரைவழியே ஒழுங்கான சாலை இல்லாமல் கிடந்த இடத்தில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை 2017 ஜூலை 27-இல் திறக்கப்பட்டது. 87 முடிவது அங்கே, வட்டமான திருப்பத்தில். இங்கே கல் மணலில் புதைந்து தலை மட்டும் தெரிவது வழக்கம். மாலைக்குமேல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலையில் போவது உத்தமம். பாம்பன் சாலைப் பாலத்தில், 1988 அக்டோபர் 2-இல் திறந்த இந்திரா காந்தி பாலம் அது, வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அங்கே எடுக்க வேண்டியதை இரு முனைகளிலும் இறங்கி எடுத்துக்கொள்ளலாம்.

டோல்கேட் சமாச்சாரம். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை 87-இல் திருப்பாச்சேத்தி, போகலூர் என்று இரண்டு சுங்கச்சாவடி. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழி, அப்புறம் இருவழி. 2008 கட்டண விதிப்படி இருவழிச் சாலைக்குக் கட்டணம் நான்குவழி விகிதத்தில் 60 சதவீதம். சாவடியில் வைத்திருக்கும் பலகையில் கட்டணத்துக்கு உட்பட்ட நீளம் எழுதியிருப்பார்கள். கார் கட்டணத்தை அதனால் வகுத்து இரண்டு சாவடிகளையும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கட்டணம் பொதுவாக ஏப்ரல் 1-இல் மாறும்; பழையதை மூடி எண் ஒட்டுவதற்குள் மார்ச் கடைசியில் படம் எடுத்துவிடுங்கள்.

24 மணி நேரத்துக்குள் திரும்பினால் மொத்தம் ஒன்றரை மடங்குதான். மாதத்துக்கு 50 தடவைக்கான பாஸ் மூன்றில் இரண்டு பங்கு விலை. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்த வண்டிக்குத் தனி மாதப் பாஸ் உண்டு. 2025 ஆகஸ்ட் 15-இல் ₹3,000-க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸில் 200 கடப்பு அல்லது ஒரு வருடம். ராமநாதபுரம்–மதுரை போய்வர நான்கு கடப்பு போய்விடும், ஆக 50 தடவை. பைக்குக்குக் கட்டணமே இல்லை. இந்த வேலைக்கு எல்லா வகையிலும் பைக்தான் ஏற்றது, ஓரத்தில் எங்கும் நிறுத்தலாம். கார்க்காரர்கள் ஃபாஸ்டேக்கைக் கையில் பிடித்துக் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒட்டாத டேக்கைக் கறுப்புப் பட்டியலில் போடுகிறார்கள். கழித்த பணத்துக்கு வரும் குறுஞ்செய்தியில் சாவடிப் பெயரும் நேரமும் இருக்கும், அழிக்காமல் வைத்தால் அதுவே பயணப் பதிவேடு.

பதிவேட்டில் என்ன எழுதுவது? தேதி, சாலை எண், கிலோமீட்டரும் 200 மீட்டர் கல்லும், அருகிலுள்ள சிறுபால எண், அட்சரேகை தீர்க்கரேகை, பலகை வகை, ஷீட், கம்பம், போல்ட் நிலை. ‘இடது’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. ‘ராமேஸ்வரம் நோக்கிப் போகையில் இடது’ என்று எழுதுங்கள்.

இப்போது அவசரமாகப் பதிய வேண்டியது பரமக்குடி–ராமநாதபுரம் பகுதி. 46.7 கிலோமீட்டரை ₹1,853 கோடியில் நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. வேலை நடக்கும் இடங்களில் கல் முதலில் போகும், சிறுபாலச் சுவர் அடுத்துப் போகும். முதலில் ஐந்தாவது கிலோமீட்டர் கற்களின் எல்லா முகங்களும், பிறகு சிறுபால எண்கள், கடைசியில் பலகைகள் என்ற வரிசையில் படம் எடுங்கள். விழுந்து கிடக்கும் பலகையையோ புதர் மூடிய எச்சரிக்கையையோ பார்த்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கு அழைத்துச் சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் சொல்லுங்கள். கல் இல்லாத இடமானால் பக்கத்துச் சிறுபாலத்து எண்ணைச் சொன்னால் போதும்.