கடைக்குப் பூட்டிய நான்கு கமராக்கள்: இரண்டு வருட அனுபவம்

என் கடைக் கமராவை நம்பினால், வாசலில் இருந்த காஸ் சிலிண்டர் களவுபோனது 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதி அதிகாலை 3.12க்கு. உண்மையில் அது 2024 ஆவணியில் நடந்தது. பதிவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையம் போனேன். முறைப்பாட்டை எழுதிய உத்தியோகத்தர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இருபத்துநான்கு வருடத்துக்கு முன் போன சிலிண்டரை இப்போதுதான் தேடுகிறீர்களா, ஐயா?" என்றார்.

காரணம் ஒரு சின்ன வட்டப் பற்றரி. பதிவுப் பெட்டிக்குள் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது செத்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் பெட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. அன்றிரவு மின்சாரம் வந்தது பத்தரைக்கு என்பது மனைவிக்கு நினைவிருந்தது. அதோடு மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தைக் கூட்டி, கள்ளன் வந்தது 1.42க்கு என்று அவள் கணக்குப் பார்த்துச் சொன்னாள். 78,500 ரூபாய்க் கருவி செய்ய வேண்டிய வேலையை அவள் பற்றுவரவுக் கொப்பியின் பின்பக்கத்தில் செய்தாள்.

மட்டக்களப்பு, கல்லடியில் பிரதான வீதியோரம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2023 ஆனியில் பூட்டியது இந்தத் தொகுதி: இரண்டு மெகாபிக்சல் கமராக்கள் நான்கு, ஒரு டெராபைட் வன்தட்டு, வயர், பூட்டுகூலி எல்லாம் சேர்த்து. "ஒரு மாதப் பதிவு நிற்கும்" என்றார் விற்றவர். நின்றது பன்னிரண்டு நாள். கேட்டதற்கு, அசைவு தெரியும்போது மட்டும் பதியும்படி மாற்றித் தந்தார். பிரதான வீதியில் எப்போது அசைவு இல்லை? பஸ் போகிறது, மாடு போகிறது, அடுத்த கடைப் பதாகை காற்றில் ஆடுகிறது. பதின்மூன்று நாளானது.

பகல் படம் நன்றாக இருக்கிறது, குறைசொல்ல மாட்டேன். கல்லாவில் வைத்த நோட்டு ஐந்நூறா ஆயிரமா என்ற சச்சரவுகள் இரண்டு தடவை ஒரு நிமிடத்தில் தீர்ந்தன. இரவுதான் சிக்கல். கமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சிலந்தி வருகிறது. கண்ணாடியின் முன்னே ஒரே ஒரு நூல் கட்டினாலும் போதும், திரையில் அது கயிறுபோல வெள்ளையாகத் தொங்கும். மோட்டார் சைக்கிள் வந்தால் முன்விளக்கு வெளிச்சத்தில் இலக்கத்தகடு வெறும் வெள்ளைப் பெட்டி. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருப்பதால் வயர் முனைகள் ஒரு வருடத்தில் பச்சை பிடித்துவிட்டன. கடலோரக் கடைக்காரர்கள் பூட்டும்போதே இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கனடாவில் இருக்கும் மகள்தான் இதை வாங்கச் சொன்னாள். கைப்பேசியில் வாள்வெட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஊர் கெட்டுப்போய்விட்டது, அப்பா" என்றாள். அவள் பிறந்தது 1996இல். ஊர் எப்போது எவ்வளவு கெட்டிருந்தது என்பதை நான் சட்டர் இறக்கிய நேரத்தை வைத்துத்தான் அளப்பேன்.

1990 ஆவணி, புரட்டாதியில் சட்டர் திறக்கவே இல்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர், சத்துருக்கொண்டான் என்று ஆறு வாரத்துக்குள் மூன்று படுகொலைகள். ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு மேல். கொன்றவர்கள் ஒரே தரப்பினர் அல்லர், செத்தவர்கள் எல்லாரும் எங்கள் வாடிக்கையாளர்களைப் போன்றவர்கள். 2004 பங்குனியில் விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டான பிறகு ஆறு மணிக்கு இறக்கினேன். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராலயம் நிறையச் சனம், அத்தனை கண்கள். 2021இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 2012 அளவில் ஒன்பதரை வரை திறந்திருந்தேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு சில மாதங்கள் மீண்டும் ஆறு மணி. இன்று பத்து.

இப்போது கொலை இல்லை என்று சொல்லவில்லை. காணித் தகராறு, கசிப்பு, ஐஸ் போதைப்பொருள், குடும்பச் சண்டை எல்லாம் இருக்கின்றன. ஆனால் சின்ன ஊரின் கணக்கு ஒருமாதிரியானது. மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி ஐந்து இலட்சத்துச் சொச்சம் பேர். ஒரு வருடத்தில் சில வீட்டுச் சண்டைகள் கூடுதலாகக் கொலையில் முடிந்தாலே கொலை வீதம் தாவி ஏறும், அடுத்த வருடம் தானாக இறங்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்துக் கமரா விற்கிறார்கள், இறங்கும்போது யாரும் வந்து திருப்பி வாங்குவதில்லை.

மகளே பிறகு ஓர் ஆய்வைத் தேடி வாசித்துச் சொன்னாள். வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 44 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வெளியிட்டது. கமராவால் வாகனத் தரிப்பிடங்களில் குற்றம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. வன்முறைக் குற்றங்களில் சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. என் வாசலோடும் அது ஒத்துப்போகிறது. சைக்கிள் காணாமல்போவது நின்றுவிட்டது. குடித்துவிட்டு வந்து தம்பியை அடிக்கக் கை ஓங்குபவன் மேலே பார்ப்பதில்லை.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2018 கார்த்திகை கடைசியில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்தார்கள். செய்தது ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் என்று தெரியவந்தது அந்தக் குண்டுகளுக்குப் பிறகுதான். அதுவரை அந்த மனிதர் உள்ளே. அந்தச் சாவடியில் ஒரு கமரா, நேரம் சரியாகக் காட்டும் கமரா, இருந்திருக்கலாம்.

விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பற்றரியை மாற்றித் தரச் சொல்லி நான்கு தடவை அழைத்தேன், "நாளை தம்பியை அனுப்புகிறோம்" என்று நான்கு தடவையும் சொன்னார்கள். உத்தரவாத அட்டையில் பற்றரி சேராதாம். கடைசியில் மணிக்கூட்டுக் கடையில் வாங்கி நானே மாற்றினேன். ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கலாம். நீண்ட பிடி வைத்த ஒட்டடைக் கோல் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், சிலந்தி மறுநாளே திரும்பி வரும்.