காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக 316 என்று நம்பிவிடாதீர்கள்

சென்னையில் பாய்மரப் படகோ விசைப்படகோ வைத்திருப்பவர்கள், புது ஷாஃப்ட் (எஞ்சினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டு) செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வடசென்னையில் ஒரு லேத் பட்டறையில் என் பாய்மரப் படகுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் செய்யச் சொன்னேன். கேட்டது 316 எஸ்.எஸ்., அதாவது கடல்நீரை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை. பில்லிலும் அப்படியே எழுதி, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டார்கள். காந்தத்தை வைத்து, "பாருங்க சார், ஒட்டவே இல்ல, ஒரிஜினல் 316" என்று காட்டினார் முதலாளி.

அடுத்த முறை படகைக் கரையேற்றி ஷாஃப்டை உருவினால், வெளியே தெரிந்த பகுதி பளபளவென்று இருக்கிறது. ரப்பர் பேரிங்குக்குள்ளும் ஷாஃப்ட் வழியாகப் படகுக்குள் தண்ணீர் வராமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்குக்கு அடியிலும் இருந்த இடம் மட்டும் கரையான் அரித்த மரம் மாதிரி குழி குழியாக இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். 304, அதாவது 316-ஐ விட மலிவான எஸ்.எஸ்.

எஸ்.எஸ்.ஸைக் காப்பது அதன் மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். அது நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். படகு ஓடாமல் நிற்கும்போது பேரிங்கிலும் கிளாண்டிலும் உப்புத்தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோகும். படலம் உடைந்து அரிப்பு உள்ளே இறங்கும். 316-லும் இது வரலாம். ஆனால் அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும்; 304-ல் அதைச் சேர்ப்பதில்லை. காந்தமோ பொதுவாக இரண்டிலும் ஒட்டாது. மலிவான 202-லும் ஒட்டாது!

போதாக்குறைக்கு, அவர்களே மாட்டிய ஜிங்க் (துத்தநாக) கட்டியின் மேலும் பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்கள். வெண்கல புரொப்பெல்லரும் எஸ்.எஸ். ஷாஃப்டும் கடல்நீரில் சேர்ந்திருக்கும்போது, ஜிங்க் கரைந்துதான் அவற்றைக் காப்பாற்ற வேண்டும். பெயிண்ட் மூடிய ஜிங்க் எப்படிக் கரையும்?

கேட்டதற்கு, "கடல் தண்ணின்னா எதுவும் அரிக்கத்தான் சார் செய்யும்" என்றார் முதலாளி. அப்புறம், குழிகளை வெல்டிங்கில் அடைத்துக் கடைந்து தருகிறேன், காசு வேண்டாம் என்றார். தயவுசெய்து யாரும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடம் மறுபடி அரிக்கும், விரிசல் விடும். கடலில் ஷாஃப்ட் உடைந்து வெளியே நழுவினால், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் படகுக்குள் வரும். உள்ளே இருப்பது நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

ஷாஃப்ட் செய்யப்போகும் கம்பியை லேத்தில் ஏற்றும் முன்பே பி.எம்.ஐ. சோதனை செய்யச் சொல்லுங்கள். துப்பாக்கி போன்ற கருவியை வைத்தால் உலோகக் கலவை சில நொடிகளில் தெரிந்துவிடும். ஆலைச் சான்றிதழில் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்), கம்பியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். மறுக்கும் பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பில்லையும் பரிசோதனை அறிக்கையையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில் இருந்தால் நீங்களும் கொடுங்கள்.