சாக்லேட் கிருஷ்ணா நாடகம்: வீடியோல பாத்தாலும் ரெண்டு தடவை பாக்கணும்

போன ஞாயித்துக்கிழமை அப்பாவோட உக்காந்து கிரேஸி மோகனோட சாக்லேட் கிருஷ்ணாவ வீடியோல ஒரே மூச்சா பாத்தேன். 2008ல மேடையேறின நாடகம். சாக்லேட் கம்பெனி சேல்ஸ்மேன் மாது கஷ்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கறப்ப கிருஷ்ணரே நேர்ல வந்துடறார், கதைன்னு பாத்தா அவ்ளோதான். கிருஷ்ணரா மோகன் சாரே, மாதுவா அவர் தம்பி மாது பாலாஜி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பேசற எடம்லாம் அப்படி ஒரு டைமிங், ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் அந்த வார்த்தையவே புடிச்சு வேற அர்த்தத்துக்கு இழுத்துட்டு போயிடறார்.

குறைன்னா ஆடியோ. மைக்க எங்கயோ தள்ளி வெச்சு ரெக்கார்ட் பண்ணிருக்காங்க, ஒரு ஜோக்குக்கு ஹால் சிரிக்கற சத்தத்துலயே அடுத்த ஜோக் முழுகிடுது. ஹெட்போன் போட்டு திரும்ப பாத்தப்பதான் நான் எவ்ளோ விட்டிருக்கேன்னு தெரிஞ்சது.

அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சது. மோகன் சார் வசனம் எழுதின மைக்கேல் மதன காமராஜன் படத்துல சாம்பார்ல மீன் விழற சீன நாம இத்தனை வருஷமா பாத்து சிரிக்கறோம்ல, அந்த மாதிரி எழுத்தெல்லாம் சினிமாக்குன்னு திடீர்னு வந்தது இல்ல, மேடைல வருஷக்கணக்கா ஆளுங்க முன்னாடி எழுதி எழுதி பழகின கை அது. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவர், சுந்தரம் கிளேட்டன்ல வேலை, அதுக்கு நடுவுல 1976ல எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதின 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' ஹிட்டாகி பேருக்கு முன்னாடி கிரேஸி ஒட்டிக்கிச்சு. 1979ல சொந்தமா கிரேஸி கிரியேஷன்ஸ்னு நாடகக் குழு. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்த கே.பாலசந்தர் 1983ல பொய்க்கால் குதிரைன்னு படமா எடுத்தார், அப்புறம் டிவி சீரியல், கமல் படங்கள்னு போயிட்டே இருந்தார். அவ்ளோ பிஸிலயும் நாடகத்த விடல பாருங்க, எனக்கு அதுதான் பெருசா படுது.

அவர் கதைல ஹீரோயின் பேர் எப்பவும் ஜானகிதான், ஸ்கூல்ல அவர மேடையேத்தின டீச்சரோட பேர். அப்பா இத சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இன்னொரு விஷயம், முழுசா பாத்து முடிச்சும் வீட்ல சின்னவங்க பெரியவங்க யார் முன்னாடியும் நெளிய வேண்டிய ஒரு வசனம் கூட வரல. அப்பாக்கு எழுபது தாண்டிடுச்சு, என் பொண்ணு ஆறாவது படிக்கறா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல சிரிச்சாங்க. அவளுக்கு சில வார்த்த விளையாட்டு புரியல, தாத்தாதான் நிறுத்தி நிறுத்தி சொன்னார்.

2019 ஜூன்ல மோகன் சார் போயிட்டார். அவர் கிருஷ்ணரா நிக்கறத நேர்ல ஒரு தடவையாச்சும் பாத்திருக்கலாம், மெட்ராஸ்ல இருந்துட்டே விட்டுட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கு. அவர் நாடகம் எதாவது உங்க பக்கத்து சபால போட்டா யோசிக்காம டிக்கெட் எடுத்துடுங்க. வீடியோன்னா ஹெட்போன் போட்டுக்கோங்க.